உன் அப்பாவுக்குப் போட்ட மலைப் பிசின்

லெஸ்வோஸ் தீவு
14 மார்ச் 1971

அன்பு மகன் ஸ்த்ராதிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை ராலூவும் அவள் பிள்ளைகளும் மாதா புண்ணியத்தில் சுகம், என் முட்டிவலியைச் சேர்க்காவிட்டால். அங்கே மெல்பர்னில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகந்தானா, குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுது. ஆலிவ் இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது, எண்ணெய் ஆட்டி ஜாடியில் ஊற்றிவிட்டோம். பெரிய நோன்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது, மீன் முட்டை ஒன்றும் கிடையாது, பயறும் ஆலிவும்தான், ராலூவின் சின்னவன் முட்டை முட்டை என்று அழுகிறான். நீயும் அந்த வயதில் கோழிக்கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வாய். சரி, இப்படியே எதையாவது எழுதிக்கொண்டு போனால் சொல்ல வந்ததைச் சொல்லமாட்டேன். இதே கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அப்பாவின் எலும்பை எடுக்கக் குழியைத் தோண்டினோம், மகனே. நம் கல்லறைத் தோட்டம் சின்னது, ஐந்து வருஷத்துக்குமேல் அங்கே யாருக்கும் இடமில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். நோன்புக்கு முந்தின வாரம் ஒரு காலையில் போனோம். எலும்பைக் கழுவ ராலூ திராட்சை ரசம் கொண்டுவந்தாள், நான் புது வெள்ளைத்துணியும் பெட்டியும் கொண்டுபோனேன், லெஃப்தேரி பாதிரியார் தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டு ஜெபம் சொன்னார், பக்கத்து வீட்டு மிர்சினியின் புருஷன்தான் தோண்டினார். மண்வெட்டி பலகையில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு பாதிரியார் ஆட்டுவதை நிறுத்திவிட்டார், கலசத்தின் சங்கிலிச் சத்தம் நின்ற பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்பா கரையவில்லை. நாங்கள் புதைத்த கறுப்புக் கோட்டோடு அப்படியே இருந்தார். இதற்குமேல் எழுதமாட்டேன், நீயும் கேட்காதே. மண்ணை மூடிவிட்டு வந்தோம், இன்னும் இரண்டு வருஷம் கழித்துத் திறக்க வேண்டுமாம். பாதிரியார் நல்ல மனிதர், களிமண்ணும்மா, தண்ணி வடியாத இடம், வேற ஒண்ணுமில்ல, மனசப் போட்டு உழப்பிக்காதீங்க என்றார். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியும். யாரோ மன்னிக்காமப் பிடிச்சு வச்சிருக்காங்க, மன்னிக்காத உடம்ப மண்ணு ஏத்துக்காது என்று குழாயடியில் பேசிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகத் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு குழிக்கு வந்தார்கள். அதை மட்டும் சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர்கள் வாய்தான் கெட்டது. அப்பா கல்லெறிந்து ஆட்டை நொண்டியாக்கியதற்கு ஆட்டுக்கார மிகாலிஸ் வந்து சாம்பிராணி போட்டு மன்னித்தார். எம் பூனையக் கெணத்துல தள்ளினது நீதான்னு எனக்குத் தெரியும்யா, போய்த்தொலை, மன்னிச்சேன் என்று மிர்சினி சொன்னாள், சொல்லிவிட்டு வீடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவள்தான் வாசலில் என்னை நிறுத்தி, ஏண்டி எவாந்தியா, ஊரே வந்து வாசனையாப் போட்டுட்டுப் போகுது, நீ போடுறது மட்டும் ஏண்டி தார் காய்ச்சுற மாதிரி நாறுது, அஞ்சு வருஷமாக் கேக்கணும்னு இருந்தேன் என்றாள்.

அவள் கேட்டது உண்மைதான். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாக் குழியிலும் புகை எழும்போது எது யாருடையது என்று மூக்கே சொல்லிவிடும். வீட்டில் மாதா படத்துக்கு ஆதோஸ் மலைத் துறவிகள் ரோஜா மணம் சேர்த்து உருட்டின குந்திரிக்கம் போடுவேன், ஒரு வாரம்கூட விட்டதில்லை. உன் அப்பாவுக்கு மட்டும் மேட்டுப் பைன் மரத்தில் சுரண்டி எடுத்த பிசின். கறுப்புப் புகை வரும், கண் எரியும். சிக்கனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்கனமாவது மண்ணாவது, வயிற்றெரிச்சல். நாலு வருஷம் நீ எழுதின கடிதத்தையெல்லாம் தபால்கார அரிஸ்தோஸிடம் வழியிலேயே வாங்கி அடுப்பில் போட்டுவிட்டு, உன் பிள்ளை உன்னை மறந்துட்டான் என்று என்னிடம் சொன்ன மனிதருக்கு நான் ரோஜா மணமா போடுவேன்? அப்பாவின் நாற்பதாம் நாள் பூசையில் கொடுத்த வேகவைத்த கோதுமையை வாயில் வைத்துக்கொண்டே அரிஸ்தோஸ் அழுதுகொண்டு அதைச் சொன்னாரே, அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன், சனிக்கிழமைதோறும் அந்த அடுப்பிலிருந்துதான் நான் தணல் எடுத்திருக்கிறேன். எங்கிருந்தாலும் என் பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று, உன் கடிதம் எரிந்த தணலிலேயே குந்திரிக்கம் போட்டிருக்கிறேன், ராசா.

செத்தவர் பேச்சு வந்தால் எல்லோரையும்போல நானும் கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். கடவுள் மன்னிக்கட்டும், எனக்கென்ன. ஐந்து வருஷமாக அந்த வேலையைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு நான் பிசினைப் புகைத்துக்கொண்டிருந்தேன். மிர்சினி கேட்ட வாரம் ஆதோஸ் குந்திரிக்கத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழிப்பக்கத்தில் உட்கார்ந்தேன், புகை அழகாக எழுந்தது, வாய்தான் வரவில்லை, திட்டிவிட்டு வந்தேன். அடுத்த சனியும் அதே கதை. நேற்றும் திட்டத்தான் தொடங்கினேன், நாலு வருஷம் எம் புள்ள கடுதாசிய மறைச்சியே பாவி என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த நாலு வருஷம் நீ என்னடி செய்தாய் என்று என்னையே கேட்டேன். எனக்கு எழுதத் தெரியும். உன் விலாசம் மிர்சினியின் தம்பியிடம் இருந்தது, இரண்டு எட்டு வைத்தால் அவள் வீடு. அவனே எழுதல, நீ ஏன் போய்க் கெஞ்சுற என்று அப்பா சொன்னார், நானும் ரோஷத்தோடு உட்கார்ந்துவிட்டேன். பெற்றவளுக்கு என்ன ரோஷம் வேண்டிக்கிடக்கிறது? அவர் உன் கடிதத்தை எரித்தார், நான் எழுதவே இல்லை. என் பங்கையும் சேர்த்து அந்தச் செத்த மனிதர் தலையில் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு உன் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பனாயிஸ், நான் மன்னிச்சிட்டேன் என்று சொன்னேன், வாய் திறந்து, கடவுள் பேரைச் சொல்லாமல். ராலூ வந்து தூக்கித்தான் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

இந்த ஐந்து வருஷமாக நீ எனக்குத் தவறாமல் எழுதுகிறாய், அப்பாவைப் பற்றி ஒரு சொல் எழுதினதில்லை. நான் குறை சொல்லவில்லை. அவரைப் பிடித்து வைத்திருப்பது என் பிள்ளை இல்லை, நான்தான் என்று மிர்சினியிடமே சொல்லிவிட்டேன், இந்நேரம் ஊருக்குத் தெரிந்திருக்கும். காகிதத்தில் மடித்து ஒரு துண்டு குந்திரிக்கம் இதோடு வைத்திருக்கிறேன். உன்னால் முடிந்தால் ஒரு சனிக்கிழமை அப்பாவுக்காகப் போடு, நான் மன்னித்தேன் என்று சொல். முடியாவிட்டால் பொய் சொல்லிப் போடாதே. அப்படியானால் அதை எனக்காகப் போடு, மகனே. உயிரோடு இருக்கிறவர்களுக்கும் போடலாம், பாதிரியாரிடம் கேட்டுவிட்டேன். என்னைத் தோண்டுகிற நாளில் ராலூ வெள்ளைத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கம்மாவ யார் மன்னிக்கல என்று ஊரைப் பார்த்து நிற்கக் கூடாது.

மாதாவும் மிக்கேல் சம்மனசும் உன் வீட்டு வாசலைக் காக்கட்டும், மருமகளுக்கு என் அன்பு, குழந்தையின் இரண்டு கண்ணிலும் என் முத்தம். ஒன்று மறந்துவிடாதே, தணல் செக்கச்செவேலென்று இருக்கும்போது போட்டால் குந்திரிக்கம் கருகி நாறும். மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுத்துப் போடு, எத்தனை நேரமானாலும் சரி.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
உன் அம்மா
எவாந்தியா