தன்னையே அழைத்த பல்லவி

இன்று மாலை பம்மலில் என் மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் காலிங் பெல்லை அழுத்தினேன். உன் மெட்டு வந்தது. பல்லவி இரண்டு முறை, அனுபல்லவி, மறுபடியும் பல்லவி. அதோடு நின்றது. ஒழுங்காக நின்றது. கதவைத் திறந்த அம்மாள், "என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். வெயில் என்று சொன்னேன்.

நீ செத்து நாற்பது நாளாகிறது. உன்னைப் பற்றி நல்லவிதமாக நாலு வரி எழுத எனக்கு வரவில்லை. அதனால்தான் இதை உனக்கே எழுதுகிறேன். வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

குரோம்பேட்டையில் பாட்டு வாசிக்கும் காலிங் பெல் செய்கிற அந்தச் சின்னக் கம்பெனி. கீழே சால்டரிங் புகை, மாடியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நீயும் நானும். மூன்று மாதப் பயிற்சி முடிந்ததும் நம்மில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். என் அப்பா எனக்குக் கொடுத்திருந்ததும் அந்த மூன்று மாதம்தான். வேலை நிலைக்காவிட்டால் பி.எட். இது உனக்குத் தெரியும். மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் என் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

உனக்குப் பாட்டு தெரியும், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். பெல்லுக்குள் இருக்கும் சிப்புக்கு 'திரும்பப் பாடு' என்று சொன்னால் புரியாது. முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை, திரும்பி வருவதையும் சேர்த்து, நீளமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பாட்டை அப்படி அடித்து முடிக்க உனக்கு அரை நாளானது. ஒரு ஸ்வரத்தை மாற்றினால் அது வருகிற இடத்தையெல்லாம் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். அதற்காகத்தான் நான் அந்த புரோகிராமை எழுதினேன். பல்லவியை ஒரே ஒருமுறை எழுதி 'பி' என்று பெயர் வைத்துவிட்டால் போதும். அனுபல்லவிக்கு 'ஏ'. கடைசியில் 'பி இரண்டு, ஏ, பி' என்று ஒரு வரி. பெயரைப் பார்க்கிற இடத்திலெல்லாம் புரோகிராம் அதன் ஸ்வரங்களை விரித்துப் போடும். விரிக்க விரிக்க ஸ்பீக்கரில் வாசித்தும் காட்டும்.

அது முதன்முதலாக ஓடிய அன்று, "அடிப்பாவி, எனக்கு வேலையே இல்லாம பண்ணிட்டியேடி!" என்று என் முதுகில் அடித்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமைதான் முதலில் எரிச்சலூட்டுகிறது.

உன்னிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். உன் பாட்டு நோட்டில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், பல்லவியின் முடிவிலும்கூட, பல்லவியின் முதல் சொல்லை எழுதி ஒரு கோடு போடுவாய். பாடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்களாம். பாடுகிறவருக்கு அது, முதல் வரியைத் தொட்டுவிட்டு முடி என்கிற குறிப்பு.

"இதுல மட்டும் அப்படி எழுதாதடி. பிக்குள்ளயே பியைக் கூப்பிட்டா அது முடியவே முடியாது" என்றேன்.

"எங்க நிறுத்தணும்னு பாடறவளுக்குத் தெரியாதா?"

"பாடப்போறது நீ இல்ல. மிஷின்."

சிரித்தாய்.

பல்லாவரத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர் மெட்டு கேட்க வந்த அன்று காலை, நீ பல்லவியைக் கொஞ்சம் மெருகேற்றினாய். நான் பார்க்கவில்லை. முதலாளி பக்கத்தில் நின்றார். புரோகிராமை ஓடவிட்டேன். பல்லவி வந்தது. "நல்லாக்கீது சார்" என்றார் கடைக்காரர். மறுபடியும் வந்தது. மறுபடியும். ஐந்தாவது முறை அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? விருந்தாளி உள்ள வந்து காபி குட்ச்சிட்டு கெளம்புனாக்கூட பாடிக்கினே இருக்கும் போல கீதே?"

எந்தப் பொத்தானுக்கும் அது கட்டுப்படவில்லை. முதலாளி பிளக்கைப் பிடுங்கினார்.

"யாரும்மா இதைப் பண்ணது?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டே, "புரோகிராம் அவளோடது சார். எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றாய்.

புரோகிராம் என்னுடையதுதான். அதில் பொய் இல்லை. அந்தப் பாதி உண்மைக்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை. வெளியாள் ஒருவர் முன்னால் உன்னைக் காட்டிக்கொடுப்பது கேவலம் என்று நினைத்தேன். சாயங்காலம் நீயே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவாய் என்றும் நினைத்தேன். அது என் முட்டாள்தனம், அதை உன் கணக்கில் எழுத மாட்டேன்.

அந்த வாரக் கடைசியில் என்னை வர வேண்டாம் என்றார்கள். சான்றிதழ் வாங்கப் போனபோது முதலாளி வருத்தத்தோடுதான் சொன்னார்: "இவ்ளோ படிச்சிருக்கியேம்மா. அவ ஒரே நாள்ல சரி பண்ணிட்டாளே." என் புரோகிராமில் நீ எதைத் தொட்டிருப்பாய்? உன் பல்லவியின் முடிவில் நீ சேர்த்திருந்த 'பி' என்ற ஓர் எழுத்தை அழித்திருப்பாய், அவ்வளவுதான்.

பி.எட். முடித்தேன். சேலையூரில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நானாகத் தேர்ந்தெடுத்த வேலை இது இல்லை, அவ்வளவே. இத்தனை வருடமும் உனக்காக ஒரு சமாதானத்தை மட்டும் வைத்திருந்தேன்: தப்பு எங்கே என்று அவளுக்கு அப்போது உண்மையிலேயே புரிந்திருக்காது, மறுநாள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்திருப்பாள்.

மஞ்சள் காமாலையில் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு, பதினாறாம் நாள் பொழிச்சலூருக்கு வந்தேன். பேரைச் சொன்னதும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானாம்மா அது? அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ சாப்பிடவே இல்ல. 'தப்பு என்னோடதும்மா, அங்க நிக்கும்போதே தெரியும், வேலை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்'னு ஒரே அழுகை. மனசுல வெச்சுக்காதம்மா. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவளுக்குப் போய்ச் சேரும்."

அங்கே நிற்கும்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் வைத்திருந்த சமாதானத்தையும் உன் அம்மா வாங்கிக்கொண்டார். உண்மையைச் சொல்ல உனக்கு வாய் இருந்திருக்கிறது. சொன்னால் எனக்கு ஒரு பயனும் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாய்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். உன் அம்மா கேட்ட அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உனக்குக் கொடுப்பதாக இல்லை.