இரண்டு மணியோடு நின்றால் எடுக்காதே

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சௌக்கியமாக இருக்கிறாய் என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்டால் சொல்வதற்கு நீ எங்கே போனை எடுக்கிறாய். இங்கே நான் சௌக்கியம், உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுத வேண்டும் என்பது உன் அப்பாவின் உத்தரவு, அதை நான் எழுதப் போவதில்லை. பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து கடைசிவரை படி. வேலை பார்த்த காலமெல்லாம் டெலிபோன் எக்சேஞ்சில் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான், பெற்ற மகளுக்கு ஒரு லைன் கிடைக்கமாட்டேன் என்கிறது. அடித்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் வருகிறது, நான் மெசேஜ் போட்டால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வருகிறது, அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால்தான் காகிதம். லீவில் வந்திருந்த உன் ஆபீஸ் தோழி நாளைக் காலையில் விமானம் ஏறுகிறாள், உன் கையில்தான் கொடுக்க வேண்டும், மேஜையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். அப்பா முடிவெட்டப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும், கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உங்கள் ஆபீஸில் செய்து அனுப்பிய விண்கலம் சூரியனுக்குப் பக்கத்தில் போகப் போகிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி போயிற்று. உன் அப்பா எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் பிடித்து வைத்து வகுப்பெடுக்கிறார். சூரியனின் மேல்தோலைவிட அதைச் சுற்றியிருக்கிற கொரோனாதான் பல மடங்கு சூடாம், அடுப்பைவிட்டுத் தள்ளி நிற்கிறவனுக்குச் சூடு கூடுகிற அதிசயம் இது ஒன்றுதானாம், ஏன் அப்படி என்று எந்தப் படித்தவனுக்கும் தெரியாதாம், அவர் மகள் போய்க் கண்டுபிடித்துச் சொன்னால்தான் உண்டாம். மாடி வீட்டு அம்மா கொரோனா என்றதும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு படியேறிவிட்டாள், அது வேற இது வேறம்மா என்று இவர் பின்னாலேயே கத்திக்கொண்டு போகிறார், எனக்கு மானம் போகிறது. கலத்துக்கு முன்னால் நீங்கள் வைத்திருக்கும் கேடயம் இருக்கிறதே, அது அவர் கண்டுபிடிப்பாகவே ஆகிவிட்டது. முப்பது வருஷம் நான் மூஞ்சியில மாட்டின வெல்டிங் மாஸ்க்கைத்தான் எம்பொண்ணு கொஞ்சம் பெருசா செஞ்சு சூரியனுக்கு முன்னால புடிச்சிருக்கா என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். உன் மேலதிகாரிகள் காதில் விழாமல் இருந்தால் சரி.

பேச்சோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். தினமும் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய்ச் சூரியனைப் பார்க்க ஆரம்பித்தார். எதற்கு என்றால், நம்ம மேஸ்திரி அனுப்பினது அங்க போயிட்டிருக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வரேன் என்பார். உன்னை அவர் இன்னமும் மேஸ்திரி என்றுதான் சொல்கிறார், சின்ன வயதில் பட்டறையில் நீ அவரையே அதட்டி வேலை வாங்கினதை மறக்கவில்லை. அந்த மாஸ்க்கைப் போட்டாவது பார்த்தாரா? அது கழுத்தை வலிக்கிறதாம். கேஸ் வைத்து இரும்பு வெட்டும்போது போடுகிற லேசான கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் பாக்காத நெருப்பா என்று அண்ணாந்து நிற்பார். அத்தனை வருஷம் அந்தத் தொழில் செய்தவருக்கு எந்த நெருப்புக்கு எந்தக் கண்ணாடி என்று தெரியாதா? தெரியும். எல்லாம் திமிர். உன் அண்ணனிடம் சொன்னால், விடும்மா, பெரியவருக்கு ஒரு பொழுதுபோக்கு என்கிறான். அவனும் ஒரு பிள்ளை.

போன வாரம் கண்ணுக்கு முன்னால் கொசு பறக்கிறது, ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது என்றார். காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனேன். நல்ல டாக்டரம்மா, வயசு சின்னது, வாய் பெரியது, உன்னை மாதிரியே. இவர் சூரியனைப் பார்த்த கதையைக் கேட்டுவிட்டு, தாத்தா, உங்களுக்குக் கண்ணு வேணுமா வேண்டாமா என்று ஒரே கேள்வி கேட்டாள். கண்ணாடியை வாங்கி அவள் மேஜைக்குள் வைத்துக்கொண்டாள், அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் உள்ளே பார்த்தபோது வேறு ஒன்றும் இருந்தது. விழித்திரை கிழிந்து உரிய ஆரம்பித்திருக்கிறதாம், இது சூரியனால் வந்தது இல்லை, வயசானால் சிலருக்கு வரும், உடனே ஆபரேஷன் செய்தால் ஒட்டிவிடலாம், தள்ளிப் போட்டால் முழுக்க உரிந்து பார்வை போய்விடும் என்றாள். இடது கண் உனக்குத் தெரியும், நீ சின்னவளாக இருந்தபோது இரும்புத்தூள் அடித்து அதில் வெறும் வெளிச்சம்தான் தெரியும். இது வலது கண். அவருக்கு இருப்பது இது ஒன்றுதான், சிட்டு.

மனுஷன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். ஆபரேஷன் முடிந்தால் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்துவிடுவார்களாம், ஒரு வாரம் இரவும் பகலும் தலையைக் குப்புறவே வைத்திருக்க வேண்டுமாம். அந்த வாரத்தில்தான் உன் கலம் சூரியனை உரசிக்கொண்டு போகிறதாம், கொரோனாவைப் படம் எடுத்து அனுப்புமாம், அதை இந்தக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கத்திக்குக் கொடுப்பாராம். நான் கத்தினேன், சாப்பாடு போடாமல்கூட இருந்து பார்த்தேன், டீக்கடையில் போய்ப் பன் தின்றுவிட்டு வந்தார். முந்தாநாள்தான் உண்மையைக் கக்கினார். ஆபரேஷன்ல கண்ணு போயிட்டா நான் எம்பொண்ணு செஞ்சதைப் பாக்காமலே போயிடுவேன்டி என்றார். அவருக்குப் பயம். அத்தனை தீப்பொறிக்கு நடுவில் நின்று பிழைத்த மனுஷன் பயந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, கோபத்தையே வைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்ன என்றால், நீ எனக்குக் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைக் கொடுக்க உன் தோழி வந்தபோது, அங்கிள், படமெல்லாம் உடனே வராது என்றாள். பக்கத்தில் போயிருக்கும்போது கலம் யாரோடும் பேசாதாம், கேடயத்தை இம்மி அசைக்காமல் சூரியனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுமாம், வெளியே வந்ததும் நான் நன்றாக இருக்கிறேன் என்று ஒரு சமிக்ஞை மட்டும் அனுப்புமாம், படங்கள் எல்லாம் அதற்குப் பல வாரம் கழித்துத்தானாம். அதற்குள் குமிழி கரைந்து கண் ஆறிவிடும் என்று டாக்டரம்மாவும் சொல்கிறாள். ஆக, இவர் எதற்காகக் கண்ணைப் பணயம் வைக்கிறாரோ அந்தப் படம் அந்த வாரம் வரவே வராது. சொன்னால் நம்புகிறாரா? நானும் உன் தோழியும் கூட்டுச் சேர்ந்துகொண்டோமாம். மேஸ்திரி சொல்லட்டும், நம்பறேன் என்கிறார். சரி, அவளைக் கேட்போம் என்றால், அவகிட்ட மூச்சு விடக் கூடாது, வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா என்கிறார். நீ சொன்னால்தான் நம்புவாராம், உன்னிடம் சொல்லவும் கூடாதாம். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ள?

அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை ஆபரேஷன், டாக்டரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், கடிதம் கிடைத்த உடனே அப்பாவுக்குப் போன் அடி. கண்ணைப் பற்றி உனக்கு ஒன்றுமே தெரியாது. சும்மா கூப்பிட்ட மாதிரி பேசி, படம் வரப் பல வாரம் ஆகும் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிறேன் என்று மட்டும் கிளம்பாதே. வந்து என்ன செய்யப் போகிறாய், ஒரு வாரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா? நீ அந்தக் கலத்துக்காக ராப்பகலாக உழைத்ததை நாங்கள் இங்கிருந்தே பார்த்தோம். அதுவும் அங்கே தலையைத் திருப்பாமல் கிடக்கட்டும், இவரும் இங்கே தலையைத் திருப்பாமல் கிடக்கட்டும், அதை நீ பார், இவரை நான் பார்க்கிறேன்.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது போய்ச் சேர்ந்ததும் போனில் இரண்டு மணி அடித்து வைத்துவிடுவாயே, நினைவிருக்கிறதா? கட்டைப் பிரித்துப் பார்த்து, திரை ஒட்டிக்கொண்டது என்று டாக்டரம்மா வாயால் சொன்னதும் நான் உனக்கு அடிப்பேன். இரண்டு மணியோடு நின்றுவிட்டால் அப்பா கண் பிழைத்தது, எடுக்காதே, உன் வேலையைப் பார். மூன்றாவது மணியும் அடித்தால் மீட்டிங்காவது மண்ணாங்கட்டியாவது, எழுந்து வெளியே வந்து எடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஸ்வெட்டரை எனக்கு அனுப்பிவிட்டு நீ குளிரில் நடுங்காதே. நீயும் உன் கலமும் ஒரு குறையும் இல்லாமல் மீண்டு வர வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம். போனை மட்டும் சைலண்டில் போடாதே.

உன் மேல் தீராத கோபத்துடனும் அதைவிடத் தீராத பிரியத்துடனும்,
அம்மா

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் அப்பா வந்துவிட்டார். மறைக்க நேரமில்லை. மேஸ்திரிக்கா எழுதற என்று காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடமே திருப்பிக் கொடுத்து, நான் சௌக்கியம்னு எழுதிட்டியா என்று கேட்டார். எழுதிட்டேன் என்றேன். எழுதப் போவதில்லை என்று முதல் பக்கத்திலேயே இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சீக்கிரம் அடி, சிட்டு.