அடி பிடிக்க வைத்த சோறு

அன்புள்ள தம்பிக்கு,

பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, கப்பலில் சமையல் வேலை பார்த்த கொழுந்தனைச் சமையலறைக்குள் ஒளித்து வைத்தவள் நான் என்று சாந்தோமில் பேசுகிறார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது என் காதிலேயே விழுந்தது. அது பொய். ஒளித்து வைக்க நினைப்பவள் அந்த மனிதருக்காகத் தன் கணவருடைய கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசி தட்டி, விட்டுப்போன பொத்தானைத் தைத்து, இஸ்திரி போட்டு வைப்பாளா? சட்டியை விட்டு வர முடியாது என்றது நீங்கள்.

நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. இன்று உங்கள் வார்ப்பிரும்புச் சட்டி அடுப்பில் இருக்கிறது. மாட்டுக்கறி அடியில் ஒட்டி, சிவப்பதா கருகுவதா என்று யோசிக்கும் நேரத்தில் ஒரு மணம் வருமே, அது கூடம் வரை வந்துவிட்டது. கரண்டியை, தாய்வீடு வந்திருக்கும் மகள் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

இதே பிலோமினாவுக்குத்தான் அன்று மாம்பலத்திலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. உங்கள் அண்ணன் காலமாகி இரண்டாவது வருடம். பையனுக்கு ரங்கூனில் உத்தியோகம். தவக்காலத்தில் கல்யாணப் பேச்சு எடுப்பது அவர்கள் வீட்டு வழக்கமில்லை. அதற்குள் வாக்குக் கொடுக்காவிட்டால் வேறு இடத்தை முடித்துவிடுவார்கள் என்று தரகர் சொல்லிவிட்டார். ஆகவே தவக்காலத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாயன்றே மத்தியான விருந்து. வாக்குக் கொடுப்பது வீட்டு ஆண்பிள்ளையின் காரியம். கைம்பெண் கொடுத்தால் செல்லாது. எங்களுக்கிருந்த ஒரே ஆண்பிள்ளை நீங்கள். நல்லவேளையாக உங்கள் கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்தது.

கன்னியர் மடத்தில் கற்றபடி ரோஸ்ட்டும் கஸ்டர்டும் என்று நான் திட்டம் போட்டிருந்தேன். ஆனால் மறுநாளிலிருந்து இறைச்சி கிடையாது என்றால், அன்றைக்கு எந்தக் கிறிஸ்தவ வீட்டில்தான் கறி வாங்க மாட்டார்கள்? நீங்கள் மீர்சாகிப்பேட்டைக் கறிக்கடைக்குப் போவதற்குள் நல்ல தொடைக்கறி எல்லாம் போய்விட்டது. கால் சதையும் கழுத்துக் கறியுமாகப் பையைக் கொண்டுவந்து என் முன் வைத்துவிட்டு, குற்றவாளிபோல் நின்றீர்கள்.

“இதுல ரோஸ்ட் போட்டா செருப்புத் தோலாட்டம் இருக்கும், தம்பி.”

“ரோஸ்ட்ட வுடுங்க அண்ணி. நியூ ஆர்லியன்ஸ்ல கப்பல் நின்னுக்கினு இருந்தப்ப ஒரு படகுக்காரன் ஊட்டுல துன்னேன். கேஜன்னு சொல்லுவாங்க. பிரெஞ்சு பேசறவனுங்க, நம்மாட்டமே கோயிலுக்குப் போறவனுங்க. இந்த மாதிரி முரட்டுக் கறிக்குன்னே ஒரு சோறு கீது அவங்ககிட்ட.”

“சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குக் கலந்த சோறா போடச் சொல்றீங்க?”

“துன்னுட்டு அவங்க சொல்லட்டும்.”

வேறு வழி இருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன். வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் ஒரே அளவாக நறுக்கச் சொன்னீர்கள். அதில் மட்டும் என் கையைக் குறை சொல்ல உங்களால் முடியவில்லை. “மூணும் சேந்தாத்தான் ஒண்ணு, அண்ணி. பிதா, சுதன், ஆவியாட்டம். தமத்திரித்துவம்!” என்று சிரித்தீர்கள். அடுப்புக்கு முன் நின்று தேவதூஷணம் பேச வேண்டாம் என்றேன். சீரகச் சம்பாவை எடுத்தால், “கொயஞ்சி பூடும்” என்று தள்ளிவிட்டுப் புழுங்கலரிசியைக் கேட்டீர்கள். விருந்துக்குப் புழுங்கலரிசி! அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அடுத்ததுதான். மிளகும் மிளகாய்த்தூளும் பூண்டும் பிசறிய கறியைக் காய்ந்த சட்டியில் போட்டுவிட்டுக் கிளறாமல் நின்றீர்கள். ஒட்டியது. சுரண்டினீர்கள், ஒரு கை தண்ணீர் தெளித்தீர்கள், மறுபடி ஒட்டவிட்டீர்கள். அடி பிடித்த பாத்திரம் சோம்பேறியின் பாத்திரம் என்று மடத்தில் எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நான் செம்புத் தண்ணீரோடு பாய்ந்து வந்தேன்.

“கை வெக்காதீங்க அண்ணி! அடி புடிக்கலன்னா அது கஞ்சி.”

“என் வீட்டுல இதுவரைக்கும் ஒரு பாத்திரம் அடி பிடிச்சதில்ல.”

“அதான் உங்க கொயம்பு அப்பிடி வெளுத்துக் கீது.”

இப்படி என்னிடம் பேசிவிட்டு அந்த வீட்டில் சாப்பிட்ட மனிதர் நீங்கள் ஒருவர்தான்.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே ஜட்கா வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள். பையனின் தாயார் கூடத்துக்குள் கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சினார். “இன்னாம்மா, அடி புடிச்சிக்கிச்சா?” என்றார். அவருடைய கணவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “பேசறதுக்கு ஊட்டுல ஆம்பள யாருமில்லியா?” என்றார். கதவுக்குப் பின்னால் பிலோமினாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. நான் உள்ளே வந்து கூப்பிட்டதும், கரண்டியை எடுக்காமலே, “இப்ப வுட்டா கருகிப் பூடும் அண்ணி, வரமுடியாது” என்றீர்கள். கூடத்துக்குத் திரும்பிப் போன அந்தச் சில அடிகளில் என் பெண்ணின் கல்யாணம் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் அவர்கள் எதிரில் தலை குனிய எனக்கு வரவில்லை.

“அடி பிடிக்கல. பிடிக்க வச்சிருக்கோம். பொண்ணோட சித்தப்பா உள்ள சமைக்கிறார். கப்பல்ல அதுதான் அவர் வேலை. அவரால சட்டிய விட்டு வர முடியாது. பேசணும்னா நீங்கதான் உள்ள வரணும்.”

வந்தார்கள், தம்பி. லுங்கிக்கு மேல் உங்கள் அண்ணனின் கறுப்புக் கோட்டோடு, வேர்த்து வழிய நின்றிருந்தீர்கள். “வாங்க மாமா. கும்புடறதுக்குக் கை ஒழியல” என்றீர்கள். அந்த அம்மாள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் நாட்டு வெல்லத்தின் நிறம். “தள்ளு நைனா, நான் சொரண்டறேன். எங்கம்மா ஊட்டுல அடிச்சோத்துக்குத்தான் சண்டையே நடக்கும்” என்று பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரண்டியைப் பிடுங்கினார்.

“பொண்ணக் குடுக்கறீங்களா?” என்று கேட்டார் அவருடைய கணவர், புகைக்குள் இருமிக்கொண்டே.

“அரிசியப் போட்டுட்டுச் சொல்றேன் மாமா.”

அரிசியைப் போட்டு, தண்ணீர் அளந்து ஊற்றி, மூடியின் மேல் தணல் அள்ளி வைத்தீர்கள். கையைக் கோட்டிலேயே துடைத்தீர்கள். நான் இஸ்திரி போட்டு வைத்த கோட்டில்! அந்தக் கையை நீட்டி, “குடுத்தோம்” என்றீர்கள். மேசையில் உங்கள் அண்ணனின் நாற்காலியில் உங்களை உட்கார வைத்தது நான். ஊர்ப் பேச்சில் அது மட்டும் விடுபட்டுவிடுகிறது. சோறு உதிரி உதிரியாக, பழுப்பாக, காரமாக இருந்தது. கறி விரலால் தொட்டால் பிரிந்தது. அந்த அம்மாள் மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டு, “பொண்ணோட இந்தச் சட்டியும் வருமா?” என்று கேட்டார். “பொண்ணு வரும். சட்டி எங்கண்ணிது” என்றீர்கள். சட்டி எனக்கு வந்தது அப்படித்தான்.

அடுத்த பயணத்தில் காய்ச்சல் கண்டு, எங்கோ ஒரு துறைமுகத்தில் உங்களை அடக்கம் செய்தார்கள். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது சட்டி மட்டுமல்ல, ஒரு காதும்தான். சீறுகிற சத்தம் அடங்கிப் பொரிகிற சத்தம் தொடங்கும் அந்த நொடியை அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவேன். இதோ, “சுரண்டு!” என்று பிலோமினாவுக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடம் செய்து பார்த்ததில் வேறொன்றும் தெரிந்தது. ஒரு கை தண்ணீர் தெளித்துச் சட்டியை இறக்கி வைத்தால், கால் மணி நேரம் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. கருகுவதில்லை. கூடத்துக்கு வந்து கைகூப்பி உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். எனக்கே தெரிந்துவிட்ட இது, கப்பலில் அத்தனை பேருக்குச் சமைத்த உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

அப்படியானால் சட்டிக்காக உள்ளே நின்றீர்களா, அண்ணிக்குச் சங்கடம் வேண்டாமென்று நின்றீர்களா? எனக்குத் தெரிய வேண்டும். யாரிடமாவது வாய்ச்செய்தி சொல்லி அனுப்ப வேண்டாம். இரண்டு வரியானாலும் பதில் எழுதுங்கள்.

உங்கள் அண்ணி