புறப்பட்ட பிறகு மிதித்த சைக்கிள்

13-3-1984, செவ்வாய்

மஸ்கட் டிக்கெட் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வேலை, இரண்டு வருஷம். 26ஆம் தேதி ரயில். அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அதற்குள் நாளையை விட்டால் நல்ல நாளே இல்லை என்கிறாள். ஆகவே நாளைக்கே நான் ‘புறப்பட’ வேண்டும் – பெட்டியோடு அடுத்த தெரு பாண்டுரங்கன் வீட்டுக்கு. புறப்பட்டவன் திரும்ப வாசப்படி மிதிக்கக் கூடாதாம்.

என் மனைவி அம்சாவின் கவலை வேறு. திருவாமாத்தூர் பால்வாடியில் டீச்சர். பஸ்ஸை நம்ப முடியாது. தினமும் என் சைக்கிள் கேரியர்தான். நான் போனபின்? “வேலைய வுட்டுட்டு வூட்ல இரு” என்கிறாள் அம்மா. அம்சா நாளைக்குப் பால்வாடிக்குக் கட்டும் புடவையை எடுத்து வைத்தாள். 

14-3

புறப்பட்டாயிற்று. தெருவே கூடி வழியனுப்பியது. மத்தியானம் அம்மா தூக்குச்சட்டியோடு வந்தாள். “ஒடம்ப பாத்துக்கினு இருடா” என்றாள், நான் கடல் கடந்துவிட்டது போல.

16-3

தெருமுனையில் ஏறிக்கொண்ட அம்சாவைப் பால்வாடியில் இறக்கிவிட்டு மண்டகப்பட்டு வரை மிதித்தேன். என்ன சுகம்! எதிர்க்காற்றுகூடப் பிடித்திருந்தது. குகைக்கோயில் கல்தரையில் சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுத்தேன். வழியில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாள் கைநிறையப் பச்சைக் கடலை கொடுத்தார்.

“எங்கப்பா போற?”

“மஸ்கட்டுக்குங்க.”

“சைக்கிள்லயா?”

திரும்பும்போது தோன்றியது – அம்சாவே ஓட்டினால் என்ன? என் வண்டியில் குறுக்கே பார் கம்பி. புடவைக்கு ஆகாது.

17-3

திண்டிவனம். ராஜாமணி அக்காவின் லேடீஸ் சைக்கிள் தூசி படிந்து கிடந்தது. என் வண்டியை மாமாவுக்குக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னோடு இருந்த வண்டி. கண் கலங்கிவிட்டது, வெட்கமென்ன.

விக்கிரவாண்டி டீக்கடையில் ஒருவர், “இன்னாங்க, வூட்டுக்காரம்மா வண்டிய தூக்கிக்கினு ஓடியாந்துட்டீங்களா?” என்றார். கடையே சிரித்தது. நானும்தான்.

19-3

பம்பை ஆற்றங்கரையில் அம்சாவுக்குச் சைக்கிள் பாடம். சிராய்ப்பு முழங்கையில் அவளுக்கு, முழங்காலில் எனக்கு.

24-3

ஓட்டுகிறாள்! இறங்கத்தான் தெரியவில்லை. திருவாமாத்தூர் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். “எப்படிங்க நிறுத்தறது? ஜல்தியா சொல்லுங்க!” எனக்குச் சிரிப்பில் வாயே திறக்கவில்லை. பூக்கட்டும் கோவிந்தம்மாள், “இன்னா வேண்டுதலோ, சைக்கிள்ல சுத்துது பொண்ணு” என்றார். கடைசியில் கோயில் படியில் காலை ஊன்றி நின்றாள்.

“படி இல்லாத எடத்துல இன்னா பண்றது?” என்று என்னைக் கேட்டாள்.

ஒரு காலைத் தரையில் ஊன்றச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை விழுந்தாள். இன்னும் ஒருநாள்தான் இருக்கிறது. வருமா?

26-3, ரயிலில்

காலையில் பாண்டுரங்கன் வாசலில் சைக்கிள் மணி. அம்சா. பின்னாலேயே அம்மா வந்து முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தாள். வேலையை விடும் பேச்சே இல்லை. “பாத்து மிதிம்மா” என்றாள், அவ்வளவுதான்.

பெட்டியோடு பாண்டுரங்கன் முன்னே போய்விட்டான். “ஏறிக் குந்துங்க” என்றாள் அம்சா. கல்யாணமான நாளிலிருந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவள். இன்று அவள் முதுகை நான் பார்த்தேன். மேடு வந்தபோது இறங்கப் போனேன். “சும்மா குந்துங்க” என்று அதட்டினாள்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு காலை ஊன்றி அழகாக நின்றாள். இருவருக்குமே கண் நிறைந்திருந்தது.

“பால்வாடி தொறக்கணும், பசங்க காத்துக்கினு இருக்கும். வர்றேங்க.”

ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. மணியடித்துக்கொண்டே போய்விட்டாள். என்னை வழியனுப்ப வந்தவளை நான் வழியனுப்பிவிட்டு நின்றேன்.