சேதி வரும்வரை தேடக்கூடாது

பிப்ரவரி 9, திங்கள்
நாள் முழுக்க நுரைக்கல் சலித்தோம். தென்னந்தோப்பு மேலே நிற்க, அப்பா அடியில் குகை மாதிரிக் குடைந்துகொண்டே போகிறார். "மழைக்காலம்ப்பா, போதும்" என்றேன். "ரிஞ்சானி எரிமலை துப்புன கல்லு, பஞ்சு மாதிரி. விழுந்தா தட்டிவிட்டுட்டு எழுந்துக்கலாம்" என்கிறார். நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? தங்கை ருமெனா எதையும் காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பக்கத்து ஊர்ப் பையன் சக்னுன் நினைப்பு.

பிப்ரவரி 10
மாலையில் நல்ல மழை. நான் குழியிலிருந்து முன்னால் வந்துவிட்டேன். சல்லடையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்ற ருமெனா இருட்டியும் வரவில்லை.

வீட்டில் ஒரே குதூகலம். சக்னுன் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம்; எங்கள் பக்கம் கல்யாணமே இப்படித்தானே தொடங்கும். அம்மா விருந்துக்கு அரிசி புடைக்கிறாள். குழிப் பக்கம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அப்பா கத்தினார்: "ஓடிப்போன பொண்ணைத் தேடினா ஊரே காறித் துப்பும். அவன் ஊர்த்தலைவர்கிட்டேருந்து சேதி வரும். சும்மா கெட!"

"அக்காக்காரிய முந்திக்கிட்டாளேன்னு வயித்தெரிச்சல்" என்றாள் சித்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

எரிச்சல்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் — என்கிட்ட சொல்லாம போவாளா அவ?

பிப்ரவரி 11
சேதி வரவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குழிவாய் சரிந்து கிடக்கிறது. "மழைக்கு எப்பவும் சரியறதுதானே" என்கிறார் அப்பா.

மதியம் சந்தையில் சக்னுன். தனியாக மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, "ருமெனா எப்படி இருக்கா?" என்றான்.

என்கிட்ட கேக்குறான். என்கிட்ட!

குழிக்கு ஓடினேன்.

பிப்ரவரி 12
மழைக்கு உள்ளே ஒதுங்கியிருக்கிறாள். ஊரே கையால் தோண்டியது. பிற்பகல் அசர் தொழுகைக்கு முன் அடக்கம் முடிந்தது.

அம்மா சக்னுனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீ கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதாடா... கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா..."

பிப்ரவரி 20
எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 3
எதிர்வீட்டு ஹுஸ்னா அவள் விரும்பியவனோடு சுகமாக இருக்கிறாள். இன்று காலை அவன் ஊரிலிருந்து சேதி வந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் அவளைக் காணோம் என்றதும் யாரும் சிரிக்கவில்லை. ஊர் ஆண்கள் எல்லோரும் கிளம்பி, குழி குழியாகப் போய் ஹுஸ்னா, ஹுஸ்னா என்று கூப்பிட்டார்கள். யாரும் காறித் துப்பவில்லை.

அப்பாவும் போனார். அவர் மட்டும் ருமெனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் திருத்தவில்லை.