குழாய் வாயில் கட்டிய துணி

6, புதன்
காலையிலிருந்து தூறல். ஏஞ்சல் மீன் ஜோடி பெரிய தொட்டிப் பைப்பில் முட்டை வைத்திருக்கிறது. விட்டால் தாயே தின்றுவிடும். பைப்போடு எடுத்துச் சின்னத் தொட்டிக்கு மாற்றினேன். பனியன் கம்பெனிக்கு லேட். கட்டிங் டேபிளில் முதலாளி முறைத்தார். முறைக்கட்டும்.

ரேவதியிடம் சொல்ல வேண்டும். ஸ்கேனில் வயிற்றிலிருந்த எங்கள் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று சொன்ன வாரம் அவிநாசிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனவள். போன் எடுப்பாளோ என்னவோ.

9, சனி
நாலைந்து முட்டை வெள்ளை பூத்து வீண். மற்றதெல்லாம் குஞ்சாகி வால் ஆட்டுகிறது.

ரேவதி போன் எடுத்தாள். சாப்பாடு பற்றிய விசாரிப்புக்கு மேல் இன்றுதான் பேச்சு. குஞ்சு பொரித்ததைச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏனுங்க, துடிப்பு தெரியுதுங்களா?"

துணியில் இழை பார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். தெரிந்தது. சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை.

13, புதன்
குஞ்சுகள் நீந்த ஆரம்பித்துவிட்டன. தீனி: அவித்த மஞ்சள் கரு, தண்ணீரில் கரைத்து, துளித்துளியாக. கரண்ட் இரண்டு தடவை போனது. பால் வாங்க மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறாளாம். வீடு கூட்ட வேண்டும். தொட்டில் கட்ட அடித்த கொக்கியைக் கழற்றிவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.

16, சனி
ஃபில்டர் குழாய் இரண்டு குஞ்சுகளை இழுத்துவிட்டது. பாவம். வாயில் துணி கட்டினால் தீர்ந்தது. கட்டிங் வேஸ்ட்டில் தேடினேன். சாயப்பட்டறைக்குப் போகாத கிரே துணி சொரசொரப்பு. பச்சைக் குழந்தை சட்டை ஆர்டர் துணி கிடந்தது, வெண்ணெய் மாதிரி. அதையே கட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு சந்தோஷமாக இருக்கிறது.

17, ஞாயிறு
காலையில் தண்ணீர்மேல் நுரை. குஞ்சுகள் எல்லாம் அடியில். ஒன்றுகூட அசையவில்லை.

துணியைப் பிழிந்தேன். வழவழப்பு. சாயப்பட்டறையில் ஏற்றும் சாப்ட்னர் ரசாயனம். அந்த மிருது எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தினமும் அந்தத் துணியில்தான் கை. குஞ்சுக்கு உறுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நானே கொன்றேன். கிரே துணியே போதுமாக இருந்திருக்கும்.

வராதே என்று சொல்ல போன் செய்தேன். பஸ் ஏறிவிட்டாள்.

வந்தாள். கையில் பெரிய பை. துணிமணி மொத்தமும் எடுத்து வந்திருக்கிறாள். திரும்பிப் போகிற எண்ணத்தில் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன், குழாயில் கட்டிய துணியைப் பற்றியும். ஒன்றும் திட்டவில்லை. தொட்டி முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா நல்லாப் பாருங்க" என்றாள்.

அன்றைக்கு ஸ்கேன் டாக்டரிடமும் இதையேதான் சொன்னாள்.

குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் எடுத்து லென்ஸை வைத்தேன்.