மாமியார் வீட்டுப் பெஞ்சு

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை. போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினதை நீ "கேட்கலையேக்கா" என்று சொல்ல முடியாது.

என் மகள் பம்பரம் நாளை மறுநாள் உன்னிடம் வந்து சேருவாள். அவளுக்கு ஒரு பெயர் வைத்தோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது, நிற்காமல் சுற்றுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது! பெட்டியில் துணியைவிட ஷூதான் அதிகம். பள்ளிக்கூடம் முடிந்ததும் வேலைக்குப் போவாள், எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று கனவு கண்டேன். "ஓட்டப்பந்தயத் தேர்வுப் போட்டி வரைக்கும் மாமாகிட்ட இருக்கேம்மா" என்கிறாள். மாமா என்றால் உயிரை விடுகிறாள். சரி, போகட்டும்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். நான் பஸ் ஓட்டுகிற டிப்போவில் மெக்கானிக்கின் மகன் ஒரே மாதத்தில் பலசாலி ஆகிறேன் என்று ஏதோ ஒரு ஜிம்மில் இரும்பைத் தூக்கினான். இப்போது முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கிறான். நீ அப்படிப்பட்ட பயிற்சியாளர் இல்லை என்று தெரியும். இருந்தாலும் எனக்கு இருப்பது ஒரே பெண். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

ஆகையால் ஒரே ஒரு நிபந்தனை. அவள் வாயிலிருந்து "வலிக்குது" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அப்புறம் ஓட்டமும் கிடையாது, மாமாவும் கிடையாது. இதை அவளுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டு. நான் சொன்னால் அவள் காதில் ஏறாது.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் சமையலைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

உன் அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. உடனே பதில் எழுதாததற்குத் திட்டப் போகிறாய், திட்டிக்கொள்.

பம்பரம் நன்றாக இருக்கிறாள். பெண்கள் விடுதியில் இரும்புக் குண்டு எறியும் போட்டிக்குப் பழகுகிற பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டில். அந்தப் பெண்ணை நாங்கள் "பெரியவள்" என்போம். கதவு வழியாக வரும்போது கொஞ்சம் குனிந்துதான் வருவாள். இரண்டு பேரும் இப்போது ஈருடல் ஓருயிர்.

உன் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். இங்கே யாரையும் நான் வதைப்பதில்லை. இரும்புக் கம்பியைத் தூக்க வந்தால் முதலில் வெறும் கம்பிதான். முதுகு நேராக நிற்கும் வரை எடை ஏறாது. குதித்தால் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் தரையிறங்க வேண்டும். "தொம்" என்று கேட்டால் அன்றைக்குக் குதிப்பது முடிந்தது. வேக ஓட்டத்துக்கு என்னிடம் ஒரு விதி உண்டு. அன்றைய முதல் ஓட்டத்தை ஸ்டாப்வாட்ச்சில் பிடிப்பேன். அடுத்தடுத்த ஓட்டங்கள் அதைவிட மெதுவானால் உடம்பு களைத்துவிட்டது என்று அர்த்தம். களைத்த உடம்பு வேகம் கற்றுக்கொள்ளாது, அடிதான் படும். விசிலை ஊதி நிறுத்திவிடுவேன். எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது.

நிறுத்தப்பட்டவர்கள் உட்கார மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. "போ, மாமியார் வீட்டுக்கு!" என்பேன். எல்லோரும் கைதட்டி வழியனுப்புவார்கள். ஒரே சிரிப்புதான். கண்டிப்பு கசக்கக் கூடாது இல்லையா?

உன் மகள் இதுவரை மாமியார் வீட்டைப் பார்த்ததே இல்லை. அதிசயம் என்னவென்றால், மற்றவர்கள் ஓட ஓடக் களைக்கிறார்கள், இவள் ஓட ஓடச் சூடேறுகிறாள். முதல் ஓட்டம் சுமார்தான். மூன்றாவது, நான்காவது எல்லாம் அதைவிட வேகம்! இத்தனை வருடத்தில் இப்படி ஒரு உடம்பை நான் பார்த்ததில்லை. உன் தாய்ப்பாலா, என் பயிற்சியா, அதை அப்புறம் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் நடுவில் உன் குரலிலேயே படித்துக் காட்டினேன். "அடுத்த பஸ்ஸில் வந்து" என்ற இடத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி நடித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பம்பரமும்தான்.

கவலைப்படாதே.

அன்புத் தம்பி

மே 27

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை, நாக்கு எழும்பவில்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் ஆகிறது, இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன்.

அன்றைக்கு நடுப்பகல். நான் ஓட்டுகிற பஸ் நிறைய ஆட்கள். அடுத்த நிறுத்தத்தில் டிப்போக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "கீழ இறங்குங்கம்மா, நான் ஓட்டுறேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஓடிக்கிட்டு இருக்கும்போதே உங்க பொண்ணுக்குக் கால் உடைஞ்சிடுச்சாம்" என்றார். விழுந்து உடைந்ததா என்றால் இல்லை. யாராவது மோதினார்களா என்றால் இல்லை. சும்மா ஓடுகிறபோது காலெலும்பு எப்படி அய்யா உடையும்? அது என்ன சுண்ணாம்புக் கட்டியா?

உன்னிடம் வந்து சேரும் வரை வழியெல்லாம் அதே கேள்விதான். பிறகு அந்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாரே, அப்போது உன் முகத்தையும் பார்த்தேன். "இது இன்னிக்கு உடைஞ்சது இல்லம்மா. முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல பல வாரமாவே விரிசல் இருந்திருக்கு. இந்த வலியோட இவ நடந்ததே ஆச்சரியம். இவ ஓடியிருக்கா" என்றார்.

பல வாரம்! தம்பி, உன் கண் என்ன புடனியிலா இருந்தது? ஸ்டாப்வாட்ச், விசில், பூனை, தொம் என்று பக்கம் பக்கமாக அளந்தாயே. நொண்டுகிற குழந்தையை நொண்டுகிறாள் என்று பார்க்க இதெல்லாம் வேண்டுமா? கூடப் பிறந்தவன் என்று நம்பித்தானே அனுப்பினேன்? ஊரான் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலாவது பயந்து பயந்து பார்த்திருப்பாயோ என்னவோ.

அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறாள். தேர்வுப் போட்டி நடந்த அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. இனி அவளை அங்கே அனுப்பமாட்டேன். நீயும் கொஞ்ச நாள் இங்கே வராதே. வந்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன், அப்புறம் அதை அள்ள முடியாது.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. ஒன்றுக்கும் மறுப்பு இல்லை. வராதே என்றாய், வரவில்லை. எழுதாதே என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரிதான் இருந்தது. நான் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காலைப் பார்க்கவில்லை. ஓடிப்போய்த் தூக்கினபோது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, டைம் என்ன?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் மைதானத்தைப் பூட்டிவிட்டேன். என் கணக்கு எங்கே பிசகியது என்று உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நாளும் அவள் முதல் ஓட்டத்தைவிட மெதுவாக ஓடியதில்லை. விரிசல் விட்ட எலும்போடு ஓட ஓட வேகம் கூடியது எப்படி? எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

நேற்றுப் பெரியவள் என்னைத் தேடி வந்தாள். வாசலில் குனிந்தவள் நிமிரவே இல்லை. "சார், ஒண்ணு சொன்னாத் திட்டமாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லும்மா."

"முதல் ஓட்டத்தை அவ வேணும்னே மெதுவா ஓடுவா சார். அப்பதானே மத்ததெல்லாம் வேகமாத் தெரியும், நீங்க விசில் அடிக்க மாட்டீங்க. அவ மட்டும் இல்ல சார். நாங்க எல்லாருமே அப்படித்தான்."

அக்கா, எல்லோருமா? "ஏன்?" என்று கேட்டேன்.

"அந்தப் பெஞ்சுல போய் உக்கார முடியாது சார். எல்லாரும் கைதட்டுவாங்க. நீங்களும் சிரிப்பீங்க. அதுக்கு வலியே பரவாயில்ல."

நான் செய்தது விளையாட்டு என்று நினைத்தேன். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் விசிலை ஊதினேன். ஊதின கையோடு அவர்களை அவமானப்படுத்தியிருக்கிறேன், அதுவும் சிரித்துக்கொண்டே! உண்மையைச் சொன்ன உடம்புக்குக் கேலிக் கைதட்டல், பொய் சொன்ன உடம்புக்குப் பாராட்டு. உன் மகளை அதிசயம் என்று உனக்கே எழுதினேனே. அந்த வரி நினைவு வரும்போதெல்லாம் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்று காலை எல்லோரையும் வரச் சொன்னேன். பயிற்சி இல்லை என்று சொல்லிவிட்டு நான் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சு முனகியது. "சார், எனக்குத் தோள்பட்டை வலிக்குது. ரொம்ப நாளாவே" என்றாள். அப்புறம் நீளம் தாண்டுகிறவன் வந்து குதிகால் என்றான். இன்னொருத்தி தொடை என்றாள். பெஞ்சில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். கடவுளே, நான் இத்தனை நாள் ஆஸ்பத்திரி வார்டுக்கா பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்?

பம்பரத்திடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். சொல்ல மனம் வராவிட்டால் விட்டுவிடு.

தம்பி

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதத்துக்கு மேல் உனக்குப் பதில் போடவில்லை. உன்மேல் கோபம் என்று முதலில் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அழுதாள். "மாமா பாவம்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா பாவமா? அந்த மனுஷன்கிட்டதான் சொல்லல, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்லடி? தினமும் சாயங்காலம் போன் பண்ணிக் கால் எப்படி இருக்குன்னு கேட்டேனே!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "உன்கிட்டயா?" என்றாள்.

"ஆமா, என்கிட்டதான்."

"நீதானேம்மா எழுதினே, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை வந்தா அடுத்த பஸ்ஸுல கூட்டிட்டுப் போயிடுவேன்னு. மாமா பெஞ்சுல உக்கார வச்சா அன்னிக்கு ஒருநாள்தான் போகும். உன்கிட்ட சொன்னா மொத்தமே போயிடும். குளிக்கும்போது துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதுட்டு, வெளிய வந்து உன் போனை எடுப்பேன். சூப்பரா இருக்கேம்மான்னு சொல்லுவேன். நீ நல்ல பொண்ணுன்னு சொல்லுவே."

தம்பி, யாரோ என்னைப் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. நல்ல பொண்ணு! ஆமாம், சொன்னேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன். அந்தக் குழந்தை துண்டைக் கடித்துவிட்டு வந்து பொய் சொல்லும், நான் நல்ல பொண்ணு என்பேன். உன்னை என்னவெல்லாம் எழுதினேன், கண் புடனியில் என்று! என் காது எங்கே இருந்தது?

இதில் கூத்து என்ன தெரியுமா? எங்கள் டிப்போவிலும் இதே கதைதான். பிரேக்கில் சத்தம் வருகிறது என்று எவனாவது சொன்னால், அவனை நல்ல பாதையிலிருந்து தூக்கி மேடும் பள்ளமுமான பாதையில் போடுவார்கள். அதனால் யாரும் சொல்லமாட்டார்கள். அதற்காக நானே மேலாளரிடம் போய்ச் சண்டை போட்டவள். "இப்படிப் பண்ணினா எவன் சார் வாயைத் திறப்பான்?" என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உனக்கு அந்த நிபந்தனைக் கடிதத்தை எழுதியிருக்கிறேன்!

சரி, இப்போது சேதி. எலும்பு கூடிவிட்டது. டாக்டர் மெல்ல ஆரம்பிக்கலாம் என்கிறார். முதலில் நடை, அப்புறம் லேசான ஓட்டம், அவசரமே கூடாதாம். திரும்ப உன்னிடம் போகிறாயா என்று அவளிடம் நான் கேட்கவில்லை, அவளும் பேச்சை எடுக்கவில்லை. இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவருகில் வந்து நின்றாள். "அம்மா, கெண்டைக்கால்ல லேசா வலிக்குது" என்றாள்.

சோதித்துப் பார்க்கிறாள் என்று புரிந்தது. "அப்படின்னா இனிமே ஓட்டமே வேணாம்" என்பது தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன், தம்பி. எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். "எந்த இடத்துல? எப்பலேருந்து?" என்று மட்டும் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுத் தொட்டுக் காட்டினாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பயம் ஒன்றும் இல்லையாம், இத்தனை நாள் கட்டுப்போட்டு இளைத்த சதைதான் வலிக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை அவளை பஸ் ஏற்றிவிடுகிறேன். இந்தத் தடவை நிபந்தனை எதுவும் இல்லை. வந்த முதல் நாளே உன்னையும் சோதித்துப் பார்க்க எங்கேயாவது வலிக்கிறது என்பாள், பார். அப்போது நீ சிரிக்காதே. நான் கூட்டிப்போக வரமாட்டேன்.

உன் அக்கா